நம்பர் போட்ட தண்ணீர்

1

போன மாதம் அலுவலகத்தில் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். திட்டுக் கடிதம்தான். இந்த ஊரில் திட்டுவதையும் நன்றியில் ஆரம்பித்து நன்றியில் முடிப்பார்கள். இரண்டாம் முறை படித்த பிறகே நான் வாங்கியிருப்பது திட்டு என்று விளங்கியது.

நான் இருப்பது ஸ்வீடனின் தெற்கே ஒரு சின்ன ஊர். நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவில் வேலை. காட்டோரத்துப் பண்ணை வீடுகளில் இன்னமும் சொந்தக் கிணறுதான். நான் காரில் போய் தண்ணீர் மாதிரி எடுத்து வந்து பரிசோதித்து, முடிவைக் கணினியில் ஏற்றுவேன். அப்படி ஒரு வயதான அம்மாளின் கிணற்றில் ஏதோ ஒன்று அளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதை மாத அறிக்கையில் சேர்த்தேன். அந்த அம்மாளுக்கு எழுத மறந்துவிட்டேன். அவர் பத்து நாள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேலதிகாரி என்னைவிட வயதில் சின்னவர். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, "முடிவின் முதல் பிரதி குடிப்பவருக்கு. இரண்டாவதுதான் நமக்கு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். என் ஸ்வீடிஷ் அவசரத்தில் எப்போதும் சறுக்கும். ஒருமுறை "கிணறு உங்களுடையதா?" என்று கேட்க நினைத்து "நீங்கள்தான் கிணறா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டவன் நான். அன்றைக்கும் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேனோ, அவர் ஒரு நொடி என்னையே பார்த்துவிட்டு, "முன்பும் இப்படிச் செய்திருக்கிறீர்களா?" என்றார்.

இல்லை என்று சொன்னேன். அது பொய்.

2

அதே வாரம் சிதம்பரத்திலிருந்து பீட்டர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டு வருகிறார்களாம். "நம்ம காலத்துல எத்தன துறை, எத்தன வகை ஆராய்ச்சி, அதப் பத்தி நீ எழுது மச்சான். தண்ணியில ஆரம்பிச்சித் தமிழ் வரைக்கும் எழுது" என்று கேட்டிருந்தான்.

சந்தோஷமாக உட்கார்ந்தேன். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று மேஜை. நான் நிலவியல், ஊர் கடலூர் முதுநகர். பீட்டர் மொழியியல். மூன்றாவது ரஹீம், பரங்கிப்பேட்டைக்காரன், தண்ணீரில் வாழும் கிருமிகளை ஆராய்ந்தான். என் மேஜையில் பாட்டில்கள், பீட்டர் மேஜையில் டேப் ரெக்கார்டர், ரஹீம் மேஜையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள். அந்தத் தட்டுகளை அவன் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வான். ஒருநாள் பீட்டர் அதில் ஒன்றை சாம்பார்க் கிண்ணத்துக்கு மூடியாகப் போட்டுவிட்டான். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு அறைக்கு ஒரு சட்டம் போட்டோம். உள்ளே யாரும் ஆராய்ச்சி பேசக் கூடாது. பேசினால் மற்ற இருவருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட சட்டங்களில் நாங்கள் உருப்படியாகக் காப்பாற்றியது அது ஒன்றுதான். மூன்று வருடத்தில் ஒருவனும் பரோட்டா வாங்கித் தரவில்லை.

இதை மலருக்கு எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாம் பக்கத்தில் அஞ்சலை அக்கா வந்தார். அதோடு கை நின்றுவிட்டது.

3

சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் மீன்பிடி சனங்களுக்குப் புதிதாக ஒரு குடியிருப்பு கட்டினார்கள். ஒரே மாதிரி வீடுகள், வரிசையாகக் கழிவறைகள், நடுவில் ஓர் அடிபம்பு. அந்த இடம் எங்களுக்கெல்லாம் பெரிய சுரங்கம் போல ஆனது. எந்தத் துறையில் ஆய்வு செய்கிறவனும் அங்கேதான் போனான். கடல் உள்ளே வந்ததால் நிலத்தடி நீர் எப்படி மாறியது என்பது என் தலைப்பு. ரஹீமுக்கு அதே தண்ணீரின் கிருமிகள். கடலோரப் பேச்சு பீட்டருக்கு. இது போகச் சமூகவியல்காரர்கள், மனநலம் கேட்டு எழுதியவர்கள், பிள்ளைகளின் உயரம் அளந்தவர்கள், மண்ணை அள்ளிப் போனவர்கள்.

அடிபம்புக்கு எதிர் வீடு அஞ்சலை அக்காவுடையது. கணவர் படகில் கூலி. அக்கா கூடையில் மீன் விற்பார். மடியில் கயல் என்று ஒரு கைக்குழந்தை. வீடு முன்னாலேயே இருந்ததால் யார் வந்தாலும் அவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். பேனாவைத் திறப்பதற்குள் அவரே ஒப்பிப்பார்.

"வயசு முப்பத்தொண்ணு. படிப்பு அஞ்சாவது. ரெண்டு புள்ள. வலை போச்சு, கட்டுமரம் போச்சு, மாமியா போச்சு. ராவுல தூக்கம் வருதான்னு கேப்பீங்க, வரல. எழுதிக்க."

"அக்கா, நான் தண்ணிதான் புடிக்க வந்தன்."

"அத மொதல்ல சொல்ல வேணாமா? புடிச்சிக்க போ. புடிச்சிட்டு வா, டீ குடிச்சிட்டுப் போவலாம்."

மாதா மாதம் அதே இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும். இடம் தவறாமல் இருக்க, பம்பின் உடம்பில் எண் எழுதுவது எங்கள் வழக்கம். நீலப் பெயின்ட்டில் W-14 என்று நான் எழுதினேன். அடுத்த வாரம் ரஹீம் மஞ்சளில் அவனுடைய எண்ணைப் போட்டான். சமூகவியல்காரர்கள் வெள்ளையில் ஓர் அம்புக்குறி போட்டு வீட்டு எண் எழுதினார்கள். பச்சையில் ஒன்று யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயின்ட் கடையில் நின்றபோது சிவப்புதான் பளிச்சென்று தெரியும் என்று நான் கையில் எடுத்தேன். ரஹீம் தடுத்தான். "சிவப்பு வேணாம்டா. கெட்ட தண்ணிக்குத்தான் கவுர்மெண்டுல சிவப்பு அடிப்பாங்க. சனங்க பயந்துடும்."

சரிதானே என்று நீலத்தை வாங்கி வந்தேன்.

4

நாலாம் மாதம் என் கணக்கில் W-14 தனியாக எழுந்து நின்றது. கடல் உப்பு குறைந்துகொண்டே வர, வேறொன்று ஏறிக்கொண்டே இருந்தது. நைட்ரேட். கழிவு மண்ணில் இறங்கித் தண்ணீரோடு கலந்தால் ஏறும் பொருள் அது. கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது. கழிவறைக் குழி பம்பிலிருந்து இருபது தப்படிகூட இல்லை. அதைப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

அன்று எனக்கு வந்தது பயமோ வருத்தமோ இல்லை என்பதை எழுதத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்தது. எல்லாக் கிணறும் ஒரே மாதிரி போனால் ஆய்வேட்டில் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று தனியாக நிற்க வேண்டும். எனக்கு அது நின்றது.

சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மாத முடிவை வைத்துக்கொண்டு சனங்களைக் கலவரப்படுத்தக் கூடாது, அடுத்த மாதமும் பார்ப்போம் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அடுத்த மாதமும் ஏறியிருந்தது. அதற்கப்புறம் வேறொரு நினைப்பு வந்தது. சொன்னால் பம்பை மூடிவிடுவார்கள். மூடினால் என் வரைபடத்தில் அந்தக் கோடு பாதியில் அறுந்துவிடும். இரண்டு வருடக் கோடு எனக்கு வேண்டும். இதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது. சொல்லாதே என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் செய்தேன். அந்த வீட்டில் டீ குடிப்பதை நிறுத்தினேன். முதல் முறை "வவுறு சரியில்லக்கா" என்றேன். அடுத்த முறை "டீயே வுட்டுட்டன்க்கா" என்றேன். அதற்கு அடுத்த முறை என் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் எதிரிலேயே குடித்தேன். எனக்காக வெளியே எடுத்துப் போடும் பிளாஸ்டிக் முக்காலியை அந்த மாதத்துக்குப் பிறகு அக்கா எடுத்துப் போடவில்லை. டீ வேணுமா என்றும் கேட்கவில்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

அந்த ஒற்றைக் கோட்டால் எனக்குப் பட்டம் கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் இங்கே ஓர் ஆய்வகத்தில் கூப்பிட்டார்கள். ஆய்வேட்டில் அந்த இடத்தில் ஒரே வாக்கியம் எழுதியிருக்கிறேன்: 'W-14இன் உயர்வுக்கு அருகிலுள்ள கழிவு காரணமாக இருக்கலாம்.' இருக்கலாமாம்!

5

மலருக்கு எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, பரணில் கிடந்த பெட்டியை இறக்கினேன். விடைபெறும்போது மற்ற இருவரும் கொடுத்த ஆய்வேடுகள் அதில் இருந்தன. இரண்டையும் நான் திறந்ததே இல்லை.

ரஹீமின் ஏட்டில் ஒரு பட்டியல். 'மூன்றாம் நிலையம்' என்று அவன் பெயர் வைத்திருந்த இடத்தில் மலக்கிருமிகள் எல்லாவற்றையும்விட ஜாஸ்தி. மூன்றாம் நிலையம் அந்த அடிபம்புதான். இப்போது சவுதியில் இருக்கும் அவனைப் போனில் கூப்பிட்டேன். அங்கே பாட்டில் தண்ணீர்க் கம்பெனியில் தரம் பார்க்கிறான். "அந்தப் பம்பா? அதுல இல்லாத கிருமியே இல்லடா மாப்ள" என்று சிரித்தான். பிறகு, "ஏன், நீ ஒண்ணும் சொல்லலியா அவுங்ககிட்ட?" என்றான். "நீ?" என்றேன். "அப்புறம் கூப்பிடறேன்டா" என்று வைத்துவிட்டான்.

பீட்டரின் ஏடு இன்னும் மோசம். வினை முடிவுகள் பற்றிய அதிகாரத்தில் வரிசை எண் போட்ட எடுத்துக்காட்டுகள். அதில் ஒன்று: 'இந்த பம்பு வந்ததுலேர்ந்து புள்ளைக்கு வவுத்தால போறது நிக்கவே மாட்டேங்குது.' பேசியவர், முப்பத்தொரு வயதுப் பெண். அந்த வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, 'மாட்டேங்குது' எப்படி உருவாகிறது என்று ஒன்றரைப் பக்கம் அழகாக விளக்கியிருந்தான்.

குழியும் பம்பும் என்னிடம் இருந்தன. கிருமி ரஹீமிடம் இருந்தது. பிள்ளையின் வயிறு பீட்டரின் டேப்பில் இருந்தது. மூன்று மேஜையும் ஒரே அறையில்தான் கிடந்தன. பரோட்டா வாங்கித் தர மனமில்லாமல் போய்விட்டது.

என் மனைவி செல்வி தரையில் கிடந்த ஏடுகளையும் என்னையும் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பம்ப இன்னமும் அடிக்கிறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. என் கதை முடிந்ததோடு பம்பின் கதையும் முடிந்தது என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

6

நடுவில் என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீராவுக்கு ஏழு வயது. ஸ்வீடிஷில் சண்டை போடுவாள், தமிழில் பதில் மட்டும் சொல்வாள், அதுவும் "ம்", "வேணாம்" என்று ஒற்றைச் சொல்லில். போன கோடையில் முதுநகருக்குப் போயிருந்தோம். என் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். மீரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "பாட்டில்" என்றாள்.

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. "ஏன், எங்க வூட்டுத் தண்ணி ஆவாதா ஒம் பொண்ணுக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தனி டம்ளரில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, அதைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்த காலம் அவருக்கு இருந்தது. ஒருவர் கொடுப்பதை இன்னொருவர் வாங்கிக் குடிக்காமல் இருந்தால் அது எங்கே போய்க் குத்தும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் மீராவை அதட்டிக் குடிக்க வைத்தேன். அப்போதும் எனக்கு அந்த முக்காலி நினைவுக்கு வரவில்லை.

7

பீட்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "நான் அந்த வாக்கியத்த கிளாஸ்ல வருசா வருசம் நடத்துறேன் மச்சான்" என்றான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே போய்ப் பார்க்கிறேன் என்றான்.

சுனாமி நாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அந்த ஞாயிறு, எங்களுக்குக் காலை நேரம், ஜன்னலுக்கு வெளியே பனி. பீட்டர் முதலில் ஒரு படம் அனுப்பினான். அதே அடிபம்பு. பக்கத்தில் நாலைந்து குடங்கள். நீலத்தில் W-14, மஞ்சள் எண், வெள்ளை அம்பு, பச்சை, எல்லாம் நேற்று எழுதியது போலப் பளபளவென்று இருந்தன. பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் பார்த்த பெயின்ட் அப்படி இருக்காது. போன் செய்து கேட்டேன்.

"இவுங்களே அடிக்கிறாங்க மச்சான். பொங்கலுக்குப் பொங்கல், எழுத்து அழிஞ்சிடக் கூடாதுன்னு. யுனிவர்சிட்டிக்காரங்க நாலு பேரு நம்பர் போட்டுக் குடுத்த தண்ணியாம். குழாய்த் தண்ணி வந்தும் குடிக்கிறதுக்கு இதத்தான் புடிக்கிறாங்க. அடுத்த தெருவுலேர்ந்தும் வராங்க."

என் கையெழுத்தைப் பார்த்தேன். ஆங்கில W-வின் கடைசிக் கோட்டை நான் கொஞ்சம் வளைத்துப் போடுவேன். அந்த வளைவுகூட மாறாமல் மேலேயே எழுதியிருந்தார்கள்.

"அக்காகிட்ட குடு" என்றேன்.

அஞ்சலை அக்காவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. "தண்ணி புடிக்க வருவானே, நீல பெயின்ட்டு" என்று பீட்டர் எடுத்துக் கொடுத்தான். "ஓ, அந்தத் தம்பியா. நல்லாருக்கியா? புள்ளைங்க எத்தன?" என்றார். எனக்குப் பின்னால் மீரா பள்ளி வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு பெண், ஏழு வயது என்றேன். கயல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இருக்கா. கைப்புள்ளையில ஆஸ்பத்திரியும் வூடுமா திரிஞ்சேன், உசுரு நின்னுச்சி. ஆனா ஒடம்புல சத்து ஏறவே இல்ல. வயசுக்கு ஏழாவது படிக்கணும், அஞ்சாவதுல ஒக்காந்திருக்கா."

பம்பினால்தான் என்று எந்த ஆய்வும் சொல்லாது. அந்த ஆய்வை யாரும் செய்யவில்லை.

போனில் அவர் குரலுக்குப் பின்னால் பம்பு அடிக்கும் சத்தம் கிறீச் கிறீச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சொல்லத் தொடங்கினேன். ஆய்வேட்டு வார்த்தைகள்தான் முதலில் வாயில் வந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு நேராகச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பம்புத் தண்ணி குடிக்க ஆவாது. கக்கூசுக் குழித் தண்ணி அதுல எறங்குது. காய்ச்சினாலும் சரியாவாது. அந்த நம்பரு நல்ல தண்ணின்னு போட்டது இல்ல. எங்களுக்கு எடம் மறந்துடக் கூடாதுன்னு போட்டது."

"எப்பலேர்ந்து?"

"நான் வந்த நாலாம் மாசமே தெரியும்க்கா."

அவர் மனத்துக்குள் மாதங்களை எண்ணியிருக்க வேண்டும்.

"அப்பத்தான் நீ டீ குடிக்கிறத வுட்ட" என்றார்.

"ஆமாக்கா."

"மீன் நாத்தம் அடிக்கிற கையால குடுக்கறத இது குடிக்க மாட்டேங்குதுன்னு நெனச்சிக்கிட்டேன். வூட்டுக்காரருகிட்ட சொல்லி அழுதேன். படிச்சிட்டாலே அப்படித்தான், வுடுன்னாரு." பிறகு சொன்னார்: "அதுவே தேவலாம் போலருக்கே தம்பி."

நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை என் மொழியிலேயே கேட்டேன், அப்படியும் வார்த்தை சறுக்கியது. அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போனைக் கீழே இறக்கிவிட்டு யாரையோ அதட்டினார். "ஏய், அடிக்காத, வுடு. குடத்துல இருக்கறத ஊத்திடு. ஊத்துடி கீழ!"

சத்தம் நின்றது.

"யாரு அது?" என்று என் பின்னாலிருந்து மீரா தமிழில் கேட்டாள். அங்கே பீட்டர் போனைத் திரும்ப வாங்கியிருந்தான்.

"அக்கா எல்லாத்தையும் இன்னிக்கே அழிக்கச் சொல்றாங்க மச்சான். பெயின்ட்டு வாங்கியாறேன். என்ன கலரு?"

சிவப்பு என்றேன்.